படகில் இருந்த ரொட்டிக்கல்

மலேசியாவின் கிரியான் ஆற்றங்கரையில், புதுப்பிக்கக் கட்டைகள்மேல் ஏற்றிய பழைய அரிசிப் படகின் இரும்பு வயிறு காலை வெயிலில் செதில் செதிலாகத் துருவை உதிர்க்கிறது. வெல்டிங் தனேஸ்வரன் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருகிறான். தகடு கணீர் கணீரென்கிறது. ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறுகிறது. "பாய், இங்க வட்டமா ஒரு ஒட்டு இருக்குலா." படகுக்காரர் ஹுசைன் விறைத்து நிமிர்கிறார். "எங்க அத்தா படகுல ஒட்டா? நல்லாப் பாரு." கம்பி பிரஷ் தேய்க்கத் தேய்க்கக் கனத்த ரொட்டிக்கல் ஒன்று வெளிப்படுகிறது, விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அவர் தகப்பனாரின் பெயர். அத்தாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து முன்பு காணாமல்போன கல். மனைவி பல்கீஸின் அண்ணன்தான் அதைத் தூக்கிப்போய்த் தனிக்கடை போட்டார் என்று ஹுசைன் முப்பது வருடமாகக் கல்யாண வீடுதோறும் சொல்லிவருகிறார். தே ஐஸ் என்னும் குளிர்தேநீர்ப் பொட்டலங்களோடு நிற்கும் பல்கீஸ் குனிந்து பெயரை வாசிக்கிறாள். "எங்க அண்ணன் திருடின கல்லு, உங்க படகுலயே முப்பது வருஷம் சவாரி போயிருக்கு!" தனேஸ்வரன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொள்கிறான். "வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைக்கவா பாய்?" "கைய வைக்காத. அத்தா வச்சது இருக்கட்டும். கல்லைச் சுத்தி மட்டும் வெல்டிங் வை." ஹுசைன் தொப்பியைச் சரிசெய்கிறார், தொண்டையைச் செருமுகிறார், முதுகு வளையாமல் மனைவியிடம் கை நீட்டுகிறார். "உங்க அண்ணன் நம்பரைப் போட்டுக் குடு. நானே பேசுறேன்."