வைஃபைத் திருடன்

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் இருக்கும் அந்த அத்தர் கடைக்குப் புகழேந்தி போனபோது, கடைக்காரர் ஜாஃபர் சாதிக் கொதித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. வைஃபைக்குள்ள எவனோ திருடன் புகுந்துட்டான். தினம் சாயங்காலம் நான் லைவ் போட்டு அத்தர் விக்கிறேன். சரியா அந்த நேரத்துக்கு வந்து மொத்தத்தையும் உறிஞ்சிடறான். நேத்து ஒரு துபாய்க்காரர் விலை கேக்குறாரு, நான் வாயைத் திறந்தபடியே போட்டோ மாதிரி நிக்கிறேன்."

புகழேந்திக்குச் சிரிப்பு வந்தது. நெட்வொர்க் வேலைக்கு வந்ததிலிருந்து திருடனைப் பிடிக்க அவனை யாரும் கூப்பிட்டதில்லை. உற்சாகமாக லேப்டாப்பைத் திறந்தான்.

"ரூட்டர் எங்க பாய்?"

"மாடியில. பூட்டிக் கிடக்கு. இங்கேருந்தே பாக்க முடியாதா?"

முடிந்தது. ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் போகிற பாஸ்வேர்டு, கம்பெனியிலிருந்து வந்தபடியே மாற்றாமல் கிடந்தது. உள்ளே பார்த்தால், வந்துபோகும் கருவிகளின் பட்டியலில் ஜாஃபரின் இரண்டு போன்களோடு ஒரு டி.வி.

"அவன்தான்" என்றார் ஜாஃபர்.

"இப்ப வைஃபைக்கு இருக்கிறது பொதுப் பாஸ்வேர்டு பாய். ஒரே சாவியை ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்த மாதிரி. யார் திறந்தாங்கன்னு பூட்டுக்குத் தெரியாது."

"மாத்திட்டா?"

"புதுசும் நாலு பேர் காதுக்குப் போயிடும். 'எண்டர்பிரைஸ்'னு ஒரு முறை இருக்கு. ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. நீ யாருன்னு கேட்டு, சர்வர்ல சரிபார்த்துட்டுத்தான் உள்ள விடும்."

"அதைப் போடுங்க. என் பேரு, என் வீட்டம்மா மெஹராஜ் பேகம் பேரு. வேற ஒரு ஈ நுழையக் கூடாது."

புகழேந்தி அப்படியே செய்தான். டி.வி. பட்டியலிலிருந்து வெளியே போனது.

சரியாக வருகிறதா என்று பார்க்க, அன்று சாயங்காலம் லைவ் முடியும்வரை அவனை உட்கார வைத்திருந்தார் ஜாஃபர். படம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. துபாய்க்காரர் ஊது அத்தருக்கு ஆர்டர் கொடுத்தார். சந்தோஷம் தாங்காமல் ஜாஃபர் புகழேந்தியின் இரு மணிக்கட்டிலும் மல்லிகை அத்தரைத் தடவிவிட்டார்.

"திருடன் இந்நேரம் தலையில கை வச்சிருப்பான் தம்பி."

அப்போது மாடி வீட்டு அறிவுமதி டீச்சர் படியிறங்கி வந்தார். ஜாஃபர் அவசரமாகக் குனிந்து, துடைத்த ஷோகேஸ் கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

டீச்சர் புகழேந்தியின் லேப்டாப்பைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க நெட் வேலை பாக்குறவரா? கொஞ்சம் மேல வந்து என் ரூட்டரைப் பாருங்களேன். ஸ்கூல் விட்டு வந்து டி.வி. போட்டா, என் வைஃபை என்னையே யாருன்னு கேக்குது."