ஆச்சா?

"அந்த ஆள் இன்னிக்கும் படிக்கட்டுலதான் நிக்கிறாருங்க!"

சன்னல் திரையை இழுத்து விட்டுவிட்டு வந்து புருஷனிடம் பொரிந்தாள் அவள்.

புருஷன் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். "நின்னா நிக்கட்டும். படிக்கட்டு அவருக்கும் பொதுதானே?"

"நிக்கிறதோட விட்டா பரவாயில்ல. என்னைப் பார்த்தா, 'குழந்தைக்கு ஆச்சா?'ன்னு கேக்கறாரு. நேத்து எதிர் வீட்டம்மா முன்னாடியே கேட்டாரு. மானம் போகுது!"

அந்த ஆள் என்றால் மேல் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். செருப்பைக் குறுக்கே விட்டாலும் சத்தம் போடுவார், கேட்டைத் திறந்து போட்டாலும் சத்தம் போடுவார். அவள் அவருக்கு வைத்திருந்த பெயர் கடுகடு. கொஞ்ச நாளாகக் காலை வேளையில் மாடிக்கும் கேட்டுக்குமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கிறார்.

அவளும் வீட்டுக்குள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள், சமையலறைக்கும் குளியலறைக்குமாக.

குளியலறையில் மூன்று வயதுகூட நிறையாத மகள் உட்கார்ந்திருந்தாள், காலுக்கு அடியில் ஒரு முக்காலியோடு. ஒரு தடவை மலம் இறுகிப்போய் வலித்ததிலிருந்து, வந்தாலும் அடக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். காலைக் குறுக்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள். அடக்க அடக்க இறுகும். இறுக இறுக வலிக்கும். மாதக்கணக்கில் இதே பாடு.

குழந்தை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. சாப்பிட்டதும் உக்கார வைங்க. அதட்டாதீங்க, அவசரப்படுத்தாதீங்க. மறுபடி அடக்க ஆரம்பிச்சா, ஆஸ்பத்திரியில சேர்த்து எனிமா குடுக்க வேண்டி வரும்."

எனிமா என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து அவள் ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒன்பது மணிக்குக் கூரியர் ஆபீஸ் கவுண்டரை அவள்தான் திறக்க வேண்டும். இந்த லட்சணத்தில் அவசரப்படாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் டாக்டர் சொல்லித் தரவில்லை.

நல்லவேளை, கொஞ்ச நாளாகத் தேவலை. முன்பெல்லாம் குழந்தை பாதியில் பதறி எழுந்து, "பூதம் உறுமுது!" என்று ஓடிவரும். "பூதமாவது கீதமாவது, ஒழுங்கா உக்காரு" என்று இவளும் பிடித்து உட்கார வைப்பாள். இப்போது பூதத்தின் பேச்சே இல்லை. மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, வருது..." உள்ளேயிருந்து குரல்.

"வரட்டும்டா செல்லம், மெதுவா" என்றாள், ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு.

வாசல் மணி அடித்தது.

கடுகடுதான். முகமெல்லாம் வேர்வை. நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"பாப்பாவுக்கு ஆச்சாம்மா?"

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏன் சார், உங்களுக்கு வேற வேலையே இல்லையா? எங்க குழந்தை எப்போ போனா உங்களுக்கென்ன? அதுவே பாவம் தவிக்குது, உங்களுக்கு வேடிக்கையா இருக்கா?"

"இல்லம்மா, இன்னிக்குக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். போங்க!"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறினார். அந்த வயசில் யாரும் அப்படி ஏறக்கூடாது.

அவள் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் குளியலறைச் சுவருக்குள் தடதடவென்று தண்ணீர் இறங்கியது. மேல் வீட்டு டாய்லெட் குழாய்.

"அம்மா! பூதம்!"

குழந்தை வீறிட்டுக்கொண்டு ஓடிவந்தது. காலைக் குறுக்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அப்போதுதான் அவளுக்குப் பூதம் எதுவென்று புரிந்தது.

"பார்த்தீங்களா? ரெண்டு வார்த்தை கேட்டுட்டேன்னு, குழந்தை உக்கார்ந்திருக்கிறது தெரிஞ்சே தண்ணிய விடறாரு! வந்துக்கிட்டு இருந்தது, போச்சு. இனி திரும்ப முதல்லேருந்து!"

"ஏய், இரு, அவசரப்படாதே..." புருஷன் சொல்லி முடிப்பதற்குள் அவள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

கதவைத் திறந்தது கடுகடுவின் மனைவி. இவள் வாயைத் திறக்குமுன் அந்தம்மா முந்திக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுக்காதேம்மா. பாப்பா பயந்துடுச்சா? இன்னிக்கு அவரால முடியல. காலைலேருந்து வயித்தைப் புடிச்சுக்கிட்டே நடந்தாரு."

"என்ன முடியல?"

அந்தம்மா மூடியிருந்த குளியலறைக் கதவைச் சங்கடத்தோடு திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"'உங்க வீட்டுப் பூதம் சத்தம் போடுது தாத்தா, அதான் நான் ஆய் போகல'ன்னு உன் பொண்ணு ஒரு நாள் படிக்கட்டுல அழுதுச்சாம். அன்னையிலேருந்து பாப்பாவுக்கு ஆகாம இவர் உள்ள போறதே இல்லம்மா."