முதல் சீம்பால்

தலைச்சன் குட்டி போட்ட வெள்ளாட்டின் மடி கல்லாய் இறுகியிருந்தது. குட்டி வாய் வைத்ததும் ஆடு வலி பொறுக்காமல் உதைத்தது. குட்டி சுருண்டு விழுந்தது. சீக்கிரம் குடிக்காவிட்டால் அது பிழைக்காது.

பக்கத்தில் குஞ்சுகளோடு மேய்ந்த கோழி பதறிப்போய், ஒரு கறையானைக் கொத்தி வந்து குட்டியின் முன்னால் போட்டது.

"தின்னுடா ராசா!"

"அவன் என்ன கோழிக்குஞ்சா, அக்கா?" என்றது ஆடு.

"அப்ப நீ குடு. உதைச்சா எப்படி?"

"ஒரு மாசம் முன்னால இந்த மடியில ஒண்ணுமே இல்ல. இப்ப தொட்டாலே உயிர் போகுது."

குட்டி தள்ளாடி எழுந்து வந்து மடியை முட்டியது. ஆடு காலைத் தூக்கியது.

"பொறுத்துக்கடி!" என்று கோழி அலறியது.

ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு காலை இறக்கியது. குட்டி இன்னொரு முறை ஓங்கி முட்டியது. மடி நெகிழ்ந்து, மஞ்சளாய், கெட்டியாய்ச் சீம்பால் இறங்கியது. குட்டியின் வால் துடிதுடித்தது.

கோழி அசந்துபோனது. "நீ காய்ஞ்ச சருகைத்தானேடி தின்னே? இது எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? அவன் கேட்டான், வந்துடுச்சு."

அதைப் பார்த்த ஒரு குஞ்சு, கோழியின் வயிற்றைப் போய் முட்டியது.

"அங்க ஒண்ணும் இல்லடா கண்ணு," என்று கோழி சிறகை விரித்தது. "சூடு இருக்கு, வா."