பில் கேட்ட ஆள்

"ஷட்டரை இறக்கு இளவரசா! ஜி.எஸ்.டி. பறக்கும் படை வந்துடுச்சு!"

போனில் கத்திவிட்டு, திருமலை அடுத்த கடைக்காரரின் நம்பரைத் தேடினான்.

திருவண்ணாமலையில் பாத்திரங்களை மொத்தமாக விற்கும் அந்தத் தெருவில் திருமலையின் கடைதான் முதல் கடை. கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு ஆள் முதலில் அங்கேதான் ஏறினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். அண்டா என்ன விலை, தட்டு என்ன விலை என்று ஒரு வார்த்தை இல்லை.

"ஜி.எஸ்.டி. பில் போட்டுத் தருவீங்களா?"

எடுத்த எடுப்பில் இதுதான் கேள்வி.

திருமலையின் முகம் மாறியது. மொத்தமாக வாங்க வருகிறவன் கேட்கிற கேள்வியா இது? 'பில் இல்லாம எவ்ளோ கம்மி பண்ணுவீங்க?' என்றல்லவா கேட்பான்!

"ஓனர் ஊர்ல இல்ல சார்" என்றான், ஓனரான திருமலை.

அந்த ஆள் சிரித்தபடி இறங்கிப் போய், பெயர்ப் பலகையில் இருந்த ஜி.எஸ்.டி. நம்பரைப் போட்டோ எடுத்தான். அதற்கு மேல் சந்தேகம் எதற்கு? குடோனில் போன வாரம் பில் இல்லாமல் இறங்கிய எவர்சில்வர் சரக்கு மலை மாதிரி கிடந்தது. அதிகாரி பார்த்தால் கடைக்குச் சீல்தான்.

தடதடவென்று தெருவே மூடிக்கொண்டது. பந்த் அன்றைக்குக்கூட இவ்வளவு வேகமாக மூடியதில்லை. எல்லாரும் எதிரே இருந்த டீக்கடைக்குள் புகுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒரு கடை மட்டும் மூடலியே!" என்று இளவரசன் கையைக் காட்டினான்.

காசியம்மாள் கடை. புருஷன் போன பிறகு தனியாக நடத்துகிறாள். யார் வந்தாலும் வரி போட்டு, பில் போட்டுத்தான் சரக்கு கொடுப்பாள். அதனால் பாதி வாடிக்கை இவர்கள் பக்கம் வந்துவிட்டது. தெருவில் அவளுக்குப் பெயரே 'பில்லம்மா'.

இப்போது அந்த ஆள் அவள் கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். காசியம்மாள் வாசலில் வந்து நின்று, மூடிய கடைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினாள். அவன் எழுந்து வந்து ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தான்.

"பார்த்தியா, வரிசையா காட்டிக் கொடுக்குது! நமக்கு வியாபாரம் நடக்குதேனு வயித்தெரிச்சல்!" என்று பல்லைக் கடித்தான் திருமலை.

அந்த ஆள் அவளுடைய குடோனுக்குள் நுழைந்ததும் திருமலையும் இளவரசனும் அவளிடம் பாய்ந்து போனார்கள்.

"இன்னாக்கா, இத்தினி வருஷம் பழகிட்டு எங்களைத் தெருவுல நிறுத்திட்டீங்களே! எங்க கடையைக் காட்டுனீங்களா, இல்லியா?"

"காட்டினேன். உன்னுதைத்தான் முதல்ல காட்டினேன்" என்றாள் காசியம்மாள் நிதானமாக. "மெல்லப் பேசுப்பா, அவரு உள்ளதான் இருக்கார்."

திருமலை மேலே வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் வெளியே வந்துவிட்டான்.

"நீங்க சொன்னவங்க இவங்கதானாம்மா?"

"இவங்கதான்."

திருமலை கையைக் கூப்பினான். "சார், எங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"உங்க ஆடிட்டர் எனக்கு எதுக்கு சார்? நான் சித்தூர்ல கல்யாண மண்டபம் கட்டியிருக்கேன். அண்டா, தட்டு, டம்ளர், வாளி எல்லாமே புதுசா வேணும். எல்லாம் பேங்க் லோன். கடையோட ஜி.எஸ்.டி. நம்பரும் பில்லும் கொடுத்தாதான் பணம் விடுவாங்க. கிரிவலம் வந்த இடத்துலயே வாங்கிடலாம்னு பார்த்தா, நான் நடக்க நடக்க கடையெல்லாம் மூடினு வருது!"

"சாப்பாட்டு நேரம்னு சொன்னேனே" என்று முந்திக்கொண்டாள் காசியம்மாள்.

கல்யாண மண்டபம்! மொத்த ஆர்டர்! திருமலையின் பயம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"அக்கா கடை திறந்திருந்துச்சே சார். எல்லாத்தையும் இங்கயே வாங்கியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் சொன்னேன். அம்மா ஒத்துக்கல. அண்டா மட்டும் நான் தர்றேன், தட்டும் டம்ளரும் திருமலை கடையில, வாளி இளவரசன் கடையிலனு பிரிச்சு விட்டுட்டாங்க."

"பில் போட்டுக் கொடுத்துடுங்கப்பா" என்றாள் காசியம்மாள், யாரையும் பார்க்காமல்.

"போட்டுடறோம்கா! எல்லாத்துக்கும் போட்டுடறோம்!" இளவரசன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

திருமலை மட்டும் சித்தூர்க்காரர் பக்கம் திரும்பினான்.

"ஓனர் இல்லனு உங்ககிட்ட பொய் சொன்னேனே சார். அப்புறமும் எப்படி எங்களை நம்புனீங்க?"

"எனக்கும் சந்தேகம்தான். பில்லுனு கேட்டதும் உங்க முகமே மாறிடுச்சே" என்று சிரித்தார் சித்தூர்க்காரர். "அம்மாதான் அடிச்சுச் சொன்னாங்க, 'எங்க தெருவுல வரி கட்டாம ஒரு கரண்டிகூட விக்க மாட்டாங்க'னு."