ஒருசந்தி

"எங்கண்ணனுக்குக் குடுக்க வேண்டிய அபினை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களே அண்ணி, நீங்கள்லாம் கோயிலுக்குப் போற பொம்பளையா?"

சவரியம்மாள் கையில் ஒரு தகர டப்பா. அது நிறையக் கறுப்புக் கறுப்பாக அபின் உருண்டைகள். அரியலூர் அபின் கடையில் சீட்டைக் காட்டி வாங்கியவை.

விண்ணரசி டப்பாவை வாங்கக் கை நீட்டினாள். அன்று பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நாள். விபூதி புதனில் தொடங்கிய தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்து, ஒருவேளைக் கஞ்சியில் அவள் முகம் ஒட்டிப் போயிருந்தது.

கட்டிலில் செல்வநாதன் துண்டைக் கடித்துக்கொண்டு முனகினார். முதுகெலும்பில் கட்டி. திருச்சி டாக்டர் கைவிரித்து ஒரு வருஷம் ஆகிறது.

"இவர் முனகுறதை நாப்பது நாளா தெருவே கேக்குது. வாங்குறது வேளைக்கு நாலு உருண்டை. மிச்சம் பிடிச்சு யாருக்கு விக்கப் போறீங்க?"

தெருவும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் தீர்ப்புச் சொல்ல நமக்கு எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது.

"தள்ளுங்க, நானே குடுக்குறேன்." டப்பாவிலிருந்து நாலு உருண்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் தலைமாட்டுக்குப் போனாள் சவரியம்மாள்.

விண்ணரசி பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். உருண்டைகள் தரையில் சிதறின.

"இப்ப நாலு குடுத்தா உசுரு போயிடும் சவரி!"

"மாசி மாசம் வரைக்கும் நாலுதானே தின்னாரு?"

"அப்ப ஒடம்பு பழகியிருந்துச்சு. மொதல்ல ஒண்ணுலயே வலி கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. கடைசியில நாலுக்கும் கேக்கல. விரலு பட்டாலே அலறுனாரு. அதுக்கு மேல சீட்டுலயும் குடுக்க மாட்டாங்க."

"அதுக்கு?"

"கம்பவுண்டர் இளையபெருமாள்கிட்ட போய் அழுதேன். 'கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக்கிட்டே வாங்கம்மா. ஒடம்பு பழக்கத்தை மறந்துச்சுன்னா ரெண்டு உருண்டையே வேலை செய்யும். ஆனா கொஞ்ச நாளைக்குத்தான், மறுபடி பழகிடும்'னாரு. பழைய அளவைக் குடுத்துடாதீங்க, ஆபத்துன்னும் சொன்னாரு."

"அந்தக் கொஞ்ச நாளைக்கா இந்தப் பாடு?"

"நாளைக்கு அடைக்கலம் வர்றான் சவரி. பட்டாளத்துக்குப் போயி ஆறு வருசம். பர்மாவுல இருக்கானா இல்லையான்னே தெரியாம எத்தனை நாளு கெடந்தோம்! வர்ற புள்ள அப்பனைக் கட்டிப் பிடிக்க வேணாமா? பிடிச்சா இவர் அலறாம இருக்க வேணாமா?"

சவரியம்மாள் குனிந்து சிதறிய உருண்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் அவன் தோளில் தூக்கி வளர்த்த மருமகன்தான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எப்படிச் சொல்லுவேன்? பயந்துடுவாருன்னு அபினைக் கிள்ளிட்டு, பனைவெல்லத்தைச் சேத்து நாலு உருண்டையாவே உருட்டிக் குடுத்தேன். ஒவ்வொரு வேளையும் முழுங்கிட்டு, 'இப்பத் தேவலை புள்ள'ன்னு வேற சொல்லுவாரு. பாவி நான், கட்டின புருசனையே ஏமாத்திட்டேன்."

விண்ணரசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு அவள் முந்தானையை இழுத்தது.

"அழுவாத புள்ள. கசக்குற அபினு விபூதி புதன்லேருந்து இனிக்குது. எனக்குத் தெரியாதா?" செல்வநாதன் மூச்சு வாங்கினார். "நீ மட்டுந்தான் ஒருசந்தி இருப்பியா? எனக்கும் எம்புள்ளையைக் கட்டிப் பிடிக்கணும்ல?"