ஒரு பிளேட் காளான்

"பானிபூரி வேண்டாம்டா. வெட்டுன வெங்காயம், பச்சைத் தண்ணி. ரெண்டுமே லிஸ்ட்ல இருக்கு."

சபரி தட்டைத் தள்ளி வைத்தான்.

எதிரே இருந்த பிலிப்புக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாகர்கோவில்காரன், சபரியோடு ஆறு வருடமாக ஒரே அபார்ட்மெண்டில் குப்பை கொட்டுகிறவன். அவர்கள் உட்கார்ந்திருந்தது அமெரிக்காவில், சன்னிவேல் ஊரில், எல் கமினோ ரோட்டு ஹோட்டல் ஒன்றில். கோயம்புத்தூருக்குக் கிளம்ப இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. இவன் இங்கேயே விரதத்தை ஆரம்பித்துவிட்டான்!

வெள்ளிக்கிழமை காலை சபரிக்குக் கல்யாணம்.

செவ்வாய்க்கிழமை ஊரில் இறங்குகிறான். செவ்வாய், புதன், வியாழன். இந்த மூன்று நாள் மட்டும் வயிறு சொன்னபடி கேட்டுவிட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம் அவனுக்கு.

கேட்கும் என்று அவனுக்குத் துளியும் நம்பிக்கையில்லை. சூடு கண்ட பூனை.

போன வருடம் பெண் பார்க்கப் போயிருந்தான். ஏழு வருடம் கழித்து ஊர் மண்ணை மிதிக்கிறான். இறங்கிய அன்றைக்கே சாயங்காலம் தள்ளுவண்டிக் கடை முன்னால் போய் நின்றுவிட்டான். கல்லில் தளதளவென்று காளான். அதன் மேல் கைநிறைய அள்ளிப் போட்ட பச்சை வெங்காயம், கொத்தமல்லி. கூடவே ஐஸ் போட்ட கரும்பு ஜூஸ். பிறந்து வளர்ந்த ஊர், என் வயிற்றை அது என்ன செய்துவிடும் என்கிற திமிர்.

விடிவதற்குள் திமிர் இறங்கிவிட்டது. மேலேயும் கீழேயும்.

திருப்பூரில் பெண் வீட்டார் கேசரி, பஜ்ஜியோடு காத்திருந்தார்கள். மாப்பிள்ளை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டு கிடந்தார். நல்ல நேரம் தாண்டிப் போனது. சொந்த ஊர்த் தண்ணீரே ஒத்துக்கொள்ளாத மாப்பிள்ளை எங்களுக்கு எதற்கு என்று போனை வைத்துவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

இப்போது நடக்கப்போவது வேறு பெண்ணோடு. பெயர் யாமினி. பத்திரிகை ஒரு மாதமாக அபார்ட்மெண்ட் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது. காபிக்குப் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் சபரி அந்தப் பெயரை ஒருதரம் படித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பான். பால் எடுக்க மறந்து மூடிய நாளும் உண்டு.

இதையும் கோட்டை விட்டுவிட்டால்?

"வாயக் கட்டு கண்ணு, மண்டபம் பேசியாச்சு" என்று அவன் அம்மா சாந்தாமணி தினமும் போனில் மன்றாடுகிறாள்.

போன வாரம் டிராவல் கிளினிக்குக்கே போய் டைஃபாய்டு ஊசி போட்டுக்கொண்டு வந்தான். வெப்பமான நாட்டுக்கு இதுதான் முதல் பயணமா என்று நர்ஸ் அக்கறையாகக் கேட்டாள். பொள்ளாச்சி ரோட்டில் இருபத்துமூன்று வருடம் வளர்ந்தவன், கொஞ்சம் பழக்கம் உண்டு என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

பெட்டியில் பாதிதான் துணி. மீதி உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், வடிகட்டி வைத்த தண்ணீர் பாட்டில், கொசு மருந்து, கை கழுவும் ஜெல். மாப்பிள்ளை கிளம்புகிறானா, மெடிக்கல் ஷாப் கிளம்புகிறதா என்று காலையில் பெட்டியைத் தூக்கும்போதே பிலிப் கேட்டுவிட்டான்.

"அப்படி என்னதாம்ல இருக்கு அந்த லிஸ்ட்ல?"

பிலிப் சபரியின் போனைப் பிடுங்கிக்கொண்டான். வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு மெசேஜ். அவன் அதைப் பக்கத்து டேபிளுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும், பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான். ஆவி பறக்கிற சாப்பாட்டில் மட்டும் கை வைக்கலாம். பழம் என்றால் தானே தோல் உரிக்கிற வாழைப்பழம், வெட்டி வைத்த பப்பாளி பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது. ஐஸ் மூச். மண்டப வாசலில் கலர் கலராக நீட்டுகிற வெல்கம் டிரிங்க்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

"டாக்டர் எழுதுனதா மக்கா?"

"அனுபவப்பட்டவங்க எழுதுனதுடா" என்றான் சபரி. காது வரைக்கும் சிரிப்பு.

அவனுக்கு ஆவி பறக்க இட்லி வந்தது. விரல் சுடச் சுடப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். எந்த இட்லியும் இத்தனை ருசியாக இருந்ததில்லை போலத் தோன்றியது.

பதினோராவது விதிக்குக் கீழே மெசேஜ் மடிந்திருந்தது. பிலிப் அதைத் தொட்டு விரித்தான். பன்னிரண்டாவதையும் சத்தமாகவே வாசிக்க ஆரம்பித்து, போகப் போகக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே வண்டி, அதே காளானுங்க. எனக்குப் போன வருசம் மாதிரியே ரெண்டு பிளேட். மறுபடியும் டிரிப் ஏத்துனாங்கன்னா, இந்தத் தடவையும் பக்கத்துப் பக்கத்து பெட்டே கேட்டு வாங்கிக்கலாம்."

பிலிப் மெசேஜின் உச்சிக்குப் போய், அனுப்பியவர் பெயரைப் பார்த்தான். ஃப்ரிட்ஜ் கதவில் தினமும் பார்க்கிற பெயர்தான்.

சிரித்த சிரிப்பில் அவனுக்குப் பானிபூரி புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏலே, அந்தக் காளான் கடைக்காரருக்குப் பத்திரிகை வச்சியா?"

"குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகையே அவருக்குத்தான்டா."