அடித்து மறைத்த பெயர்

தன்னைப் பூட்டி வைக்கச் சொன்ன நீதிமன்ற உத்தரவின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தாள் அவள். நீதிபதியின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மையைத் தீட்டியிருந்தாள்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வயது. குழந்தைகள் இல்லத்திலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் மாறி மாறி வளர்ந்தவள். அந்த இல்லங்களுக்கான விதிகளைத் திருத்த ஒன்பது பேர் கொண்ட குழுவை அரசு போட்டிருந்தது. அங்கே வளர்ந்தவர்களையும் கேட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றி, முதல்முறையாக இரண்டு பேரைச் சேர்த்திருந்தார்கள். ஒருத்தி இவள். இன்னொருவன் பஸ் டிரைவர். இவளோடு ஒரே இல்லத்தில் இருந்தவன். கூடப் பிறக்காத அண்ணன்.

முதலில் கோபம் வந்தது அவனுக்குத்தான்.

"எதுக்கு மறைச்சே? உன்னைப் பூட்டி வச்ச ஆளுக்கு நீயே பரிஞ்சுக்கிட்டு வர்றியா?" என்று அவள் காதைக் கடித்தான்.

அவள் நகலை மேஜையின் நடுவே நகர்த்தி வைத்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த, இல்லங்களுக்குப் பொறுப்பான அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். பெயர் இல்லாத காகிதத்தை எப்படி நம்புவது என்று கேட்டார். இவ்வளவு பயம் இருக்கிறவர்கள் எதற்குக் குழுவுக்கு வர வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தார்.

குழுவின் தலைவி நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, முத்திரை அசல்தான் என்றார். அவர் ஓய்வு பெற்ற நீதிபதி. இருபது வருஷம் குழந்தைகள் நீதிமன்றத்தில் இருந்தவர். கறாரான ஆள். இல்லத்தை விட்டு ஓடுகிற பிள்ளையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று போன மூன்று கூட்டங்களிலும் பிடித்த பிடியாக நின்றவர். விதி மாறாது என்று எல்லாருமே முடிவு கட்டியிருந்தார்கள்.

தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உத்தரவை வாய்விட்டுப் படித்தார். நாலே வரி. வயது பதினொன்று. மூன்று முறை இல்லத்தை விட்டு ஓடியவள். ஆறு மாதம் பூட்டிய விடுதியில் வைக்கவும்.

"மூணு தடவையும் உன்னை எங்கேம்மா பிடிச்சாங்க?"

"ஒரே இடத்துலதான் மேடம். என் தம்பி ஸ்கூல் வாசல்ல. அவனுக்கு அப்போ அஞ்சு வயசு. ஊரோட அந்தக் கோடியில ஒரு வீட்டுல விட்டிருந்தாங்க. நான் ஊட்டலைன்னா சாப்பிட மாட்டான். மத்தியானம் போய் ஊட்டிட்டு, சாயங்காலத்துக்குள்ள இல்லத்துக்கு வந்துடலாம்னு நினைச்சேன்."

"இதை அந்த நீதிபதிகிட்ட சொல்லலையா?"

"யாரும் கேக்கலை மேடம்."

இன்னும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தலைவி நகலைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஏம்மா ஓடினேன்னு ஒரு கேள்வி. அதைக் கேக்க எத்தனை நிமிஷம் ஆகும்?" என்றார். "அதைக்கூடக் கேக்காம கையெழுத்துப் போட எப்படி மனசு வந்துச்சு?"

அதற்கப்புறம் அவர் யாரையும் விடவில்லை. ஒழுங்கு கெட்டுப்போகும் என்று அதிகாரி ஆரம்பித்தார். ஐந்து வயதுப் பிள்ளையைப் பட்டினி போடுவதுதான் உங்கள் ஒழுங்கா என்று தலைவி திருப்பிக் கேட்டார். அதிகாரி தண்ணீர் குடித்தார். பூட்டிய விடுதியில் தான் கழித்த ஒரு வருஷத்தை டிரைவர் எழுந்து நின்று சொன்னான்.

பேனாவைத் திறந்து புதிய விதியைத் தலைவியே எழுதினார். இல்லத்தை விட்டு ஓடும் குழந்தைக்கு வழக்கும் இல்லை, பூட்டிய விடுதியும் இல்லை. ஏன் ஓடியது என்று முதலில் அதனிடமே கேட்க வேண்டும். கூடப் பிறந்தவர்களைப் பிரித்து வைக்கக் கூடாது.

ஏழு பேர் கை தூக்கினார்கள். விதி நிறைவேறியது.

லிஃப்ட் மெக்கானிக் அங்கேயே மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதாள், சிரித்தாள். போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். தனக்குப் பதினெட்டு முடிந்ததுமே போராடி அவனைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். "ஜெயிச்சுட்டோம்டா" என்றாள். போனை டிரைவர் வாங்கி மிச்சத்தைச் சொன்னான்.

எல்லாரும் கிளம்பும்போது தலைவி அவள் தோளைத் தொட்டார்.

"யாரும்மா அந்த நீதிபதி? எனக்கு மட்டும் பேரைச் சொல்லு. நேர்லயே போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"வேணாம் மேடம். அவங்க மாறிட்டாங்க."

தலைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். உனக்குப் பெரிய மனசு என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

டிரைவருக்கு மட்டும் ஆறவில்லை. படியிறங்கும்போது மறுபடியும் பிடித்துக்கொண்டான்.

"மாறிட்டாங்கன்னு அவ்வளவு நிச்சயமா சொல்றியே, அந்த ஆளு எப்போ மாறினாங்க?"

"இன்னைக்குத்தான் அண்ணே," என்றாள். "தான் போட்ட உத்தரவைத் தானே வாய்விட்டுப் படிச்சாங்களே, அப்போ."